கன்னியாகுமரியில் கடற்கரை ஹோட்டலுக்கு பி.எம்.எஸ். போட்டால் கரண்ட் பில் குறையுமா?

தானாகக் குறையாது. பி.எம்.எஸ். (கட்டட மேலாண்மை அமைப்பு) என்பது சென்சார்களைப் பார்த்து ஏசி, பம்ப், விளக்குகளை இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்பு. நேர அட்டவணையையும் வெப்பநிலை அளவையும் சரியாகக் கொடுத்தால்தான் பலன்.

முதலில் ஏசி, லிஃப்ட், சமையலறை, தண்ணீர் பம்ப் எல்லாவற்றுக்கும் தனித்தனி சப்-மீட்டர் போடுங்கள், எது எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று தெரியும். பெரும்பாலும் ஏசிதான் அதிகம் தின்னும். சென்ட்ரல் ஏசி என்றால், காற்றைத் தள்ளும் ஃபேன்களுக்கு வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) பொருத்துங்கள். ஃபேன் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்தேவை ஏறக்குறைய பாதியாகிவிடும். மின்தேவை வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப (0.8 × 0.8 × 0.8 = சுமார் 0.51) குறைவதே காரணம். இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன்.

நம்ம ஊரில் இன்னொன்று உண்டு, உப்புக்காற்று. வெளியே இருக்கும் கண்டென்சர் (ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் பகுதி) தகடுகளை அது அரித்துவிடும், கம்ப்ரசர் கூடுதலாக உழைக்கும். அதனால் நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவுங்கள், வாங்கும்போதே அரிப்புத் தடுப்புப் பூச்சு உள்ளதாகக் கேளுங்கள். ஈரப்பதமானி சென்சாரையும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். அது தப்பாகக் காட்டினால் பி.எம்.எஸ்.ஸும் தப்பாகவே ஓட்டும்.

உயர் அழுத்த இணைப்பு என்றால் யூனிட்டோடு கே.வி.ஏ. டிமாண்டுக்கும், அதாவது ஒரே சமயத்தில் எடுக்கும் உச்ச மின்சுமைக்கும், கட்டணம் உண்டு. எல்லா ஏசியையும் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் செய்யாமல் வரிசையாக ஓடவிடுங்கள். சின்ன லாட்ஜ் என்றால் சாவி அட்டை சுவிட்சும் (அட்டையை எடுத்தால் அறையின் மின்சாரம் நின்றுவிடும்) டைமருமே போதும்.