38 வயதில் இடுப்பு மூட்டு மாற்று: செராமிக் உடைந்துவிடாதா?

38 வயது, தினமும் பேட்மிண்டன் ஆடுபவர், செராமிக் மூட்டு உடைந்துவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் இது வீட்டுப் பீங்கான் அல்ல. 1970இல் பிரான்சில் பியர் பூத்தான் என்ற அறுவை மருத்துவர் முதலில் பொருத்தியது அலுமினா, அதாவது அலுமினிய ஆக்சைடு. இப்போது பெரும்பாலும் அதோடு சிர்கோனியா என்ற இன்னொரு செராமிக்கையும் கலக்கிறார்கள். விரிசல் ஓடாமல் அது தடுக்கும். தொடை எலும்பின் தலைக்குப் பதிலாக வைக்கும் பந்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் சின்ன எலுமிச்சை அளவில், இளஞ்சிவப்பாக, கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும்.

அந்த வழவழப்புதான் விஷயமே. அந்தப் பந்து சுழல இடுப்பெலும்பில் வைக்கும் பழைய பிளாஸ்டிக் கிண்ணம் தேயும்போது உதிரும் துகள்களால் சுற்றியுள்ள எலும்பு அரித்து, மூட்டு ஆட ஆரம்பிக்கும். உங்களுக்கு இந்த மூட்டு இன்னும் 40 ஆண்டு உழைக்க வேண்டுமே! செராமிக் மிகமிகக் குறைவாகத்தான் தேயும்.

பந்து, கிண்ணம் இரண்டுமே செராமிக் என்றால் சிலருக்கு நடக்கும்போது கீச்சென்று சத்தம் வரும். கிண்ணம் சரியான கோணத்தில் உட்காராவிட்டால் அந்த வாய்ப்பு கூடும். அதனால் செராமிக் பந்து, குறுக்குப் பிணைப்புள்ள (மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்து, எளிதில் தேயாமல் செய்த) புதுவகை பிளாஸ்டிக் கிண்ணம் பற்றி முதலில் மருத்துவரிடம் கேளுங்கள் என்பேன். அப்புறம், அபூர்வமாக உடைந்தால் பதிலுக்கு உலோகப் பந்து வேண்டாம். உள்ளே தங்கிய சில்லுகள் அதை அரம் போல ராவிவிடும்.