கடைக் கணக்கு முடங்கியது, ஓடிபி போனது: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் முடங்கிய வங்கிக் கணக்கு பற்றித்தான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஈரோட்டில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். க்யூஆர் கோடில் யாரோ அனுப்பிய ரூ.850 மோசடிப் பணமாம். வேறு மாநில போலீஸ் சொன்னதாக வங்கியில் என் கணக்கையே முடக்கிவிட்டார்கள். உள்ளே ரூ.1,40,000 இருக்கிறது. நான் என்ன தப்பு செய்தேன்?

ஒரு தப்பும் இல்லை. ஏமாந்தவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு போன் செய்து புகார் கொடுத்ததும், அந்தப் பணம் எந்தெந்தக் கணக்குக்குக் கைமாறியது என்று பார்த்து வரிசையாக நிறுத்தச் சொல்வார்கள், அதில் ரூ.850க்கு யாரோ உங்களிடம் பருப்பு வாங்கியிருந்தால் நீங்களும் அந்த வரிசையில் மாட்டிக்கொள்வீர்கள். முதலில் வங்கிக்குப் போய் எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன, சந்தேகத் தொகை எவ்வளவு என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். "மேலிடத்து உத்தரவு சார்" என்று வாயால் சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள், விடாதீர்கள். அப்புறம் அந்த எண்ணைக் குறிப்பிட்டு, அன்றைய விற்பனை பில், கடை உரிமம் எல்லாம் சேர்த்து அந்த விசாரணை அதிகாரிக்கு மெயிலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். எடுத்தவுடன் ரயில் ஏற வேண்டாம். கணக்கைத் திறந்துவிடப் பணம் கேட்டு யாராவது போன் செய்தால், அது அடுத்த மோசடி.

சென்னை உயர் நீதிமன்றம் 2024ல் இப்படி ஒரு வழக்கில், சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மீதியை எடுக்க விட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ரூ.850க்காக ஒரு கடையையே பூட்டுவது எனக்கும் அநியாயமாகத்தான் படுகிறது. கடிதத்துக்கு அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான்.

அம்மா ஓடிபியைச் சொல்லிவிட்டார். ரூ.45,000 போனது. 10.05க்கு வங்கிக்குச் சொன்னோம். 10.40க்கு இன்னொரு ரூ.20,000 போய்விட்டது. "உங்கள் தவறு" என்கிறார்கள்.

பாதிதான் சரி. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வைத்த விதிப்படி, வாடிக்கையாளர் கவனக்குறைவால் போன பணம், வங்கிக்குத் தெரிவிக்கும் வரைதான் அவர் தலையில். தெரிவித்த பிறகு போவது வங்கியின் நஷ்டம். ஆக, அந்த ரூ.20,000ஐ விடாமல் கேளுங்கள், 10.05க்குப் பேசியதற்கான புகார் எண்ணும் போனில் உள்ள அழைப்புப் பதிவும்தான் உங்கள் ஆயுதம். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. ரூ.45,000க்கு 1930ல் உடனே சொல்லியிருந்தால், அது எங்காவது ஒரு கணக்கில் நிறுத்தப்பட்டிருக்க வாய்ப்புண்டு. சொன்னீர்களா?

வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் போட்ட பதிவுக்கு அட்மினான என் மேல் 66ஏ வழக்கு வரும் என்று மிரட்டுகிறார்கள்.

இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டிக்கலாம் என்றிருந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சிலேயே ரத்து செய்துவிட்டது! மதுரைக் கிளையும் 2021ல், வெறும் அட்மினாக இருந்தவரை வழக்கில் சேர்க்கக் கூடாது என்றது. நீங்களும் சேர்ந்து அதைப் பரப்பியிருந்தால் கதை வேறு.

கடன் வாங்கியதை நண்பர் வாட்ஸ்அப்பில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் போதுமா? போனை மாற்றப்போகிறேன்.

ஐயோ, அந்த போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். பிரிண்டைக் கொடுத்தால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியில் நீங்களும் இன்னொன்றில் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். போனையே கோர்ட்டில் காட்டி, அது உங்களுடையது என்று நீங்களே சாட்சி சொன்னால் சான்றிதழ் இல்லாமலும் நடக்கும். ஆமாம், பணம் கொடுத்து எத்தனை வருடம் என்று எழுதவே இல்லையே? கைமாற்றுக் கடனுக்கு வழக்குப் போடப் பொதுவாக மூன்று வருடம்தான் கெடு. தேதியைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.