ஜன்னலோரத்துல ஒரு புடி கீரை: வாசகர் கேள்வி பதில்

தோட்டம் இல்லாதவங்க வீட்டுக்குள்ளயே என்ன விளைய வைக்கலாம்னு கேட்டு வேலூர் சுத்துவட்டாரத்துல இருந்து நிறைய கடிதம் வந்திருக்கு, அதுல அஞ்சுக்கு இந்த இதழ்ல பதில் சொல்றேன்.

கேள்வி: ரெண்டாவது மாடில வாடகைக்கு இருக்கோம். மொட்டை மாடி சாவி ஓனர் தரமாட்டேங்கறாங்க, பால்கனியும் இல்ல. கிச்சன்ல ஒரே ஜன்னல், வடக்கு பாத்தது. கொத்தமல்லி ரெண்டு தடவை போட்டேன், நூல் மாதிரி நீண்டுகினு போய் சாஞ்சு செத்துப் போச்சு. விதை சரியில்லையா, மண்ணு சரியில்லையா? (வாசகி, சத்துவாச்சாரி)

அக்கா, விதை மேலயும் தப்பு இல்ல மண்ணு மேலயும் தப்பு இல்ல, வெளிச்சம் பத்தல. செடி நூலா நீண்டா அது வெளிச்சத்தைத் தேடி ஓடுதுன்னு அர்த்தம். நமக்கு ரூம் பளிச்சுனு தெரியும், ஏன்னா நம்ம கண்ணு கொஞ்ச வெளிச்சத்துக்கும் பழகிக்கும், ஆனா ஜன்னல விட்டு மூணு அடி உள்ள தள்ளி வச்சாலே செடிக்குக் கிடைக்கறது பாதிகூட இருக்காது. ஒரு வெள்ளைப் பேப்பரை தொட்டி வைக்கப் போற எடத்துல வச்சு, மத்தியானம் அதுக்கு ஒரு அடி மேல கையை நீட்டிப் பாருங்க. விரல் விரலா நிழல் விழுந்தா கீரையே போடலாம், மங்கலா விழுந்தா புதினா பொழைக்கும், நிழலே தெரியலன்னா லைட் இல்லாம எதுவும் வராது.

இன்னொரு விஷயம், வெளிநாட்டு வீடியோல எல்லாம் "தெக்கு ஜன்னல்ல வைங்க, வடக்கு ஆகாது"ன்னு சொல்லுவாங்க, அதை நம்ம ஊருக்கு அப்படியே எடுத்துக்காதீங்க. வேலூர் கிட்டத்தட்ட 13 டிகிரி வட அட்சரேகைல இருக்கு, அதனால ஏப்ரல் கடைசில இருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் உச்சி வேளைச் சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாத்தான் போகும், உங்க வடக்கு ஜன்னலுக்கு வெளிச்சம் நல்லா கிடைக்கற மாசங்களே அதுதான். ஐப்பசில இருந்து மாசி வரைக்கும் வெயில் தெக்கு ஜன்னலுக்குப் போயிடும். இப்ப உங்க கஷ்டம் புரியுதா, கொத்தமல்லிக்குக் குளிர்ச்சி வேணும், சித்திரை வைகாசி சூட்டுல சரியா முளைக்காது, முளைச்சாலும் சீக்கிரமா பூவுக்குப் போயிடும், ஆனா குளிர்ச்சியான மாசத்துல உங்க ஜன்னல்ல வெயில் இல்ல. அதனால வெயில் காலத்துல புதினா, குளிர் காலத்துல லைட் போட்டு கொத்தமல்லின்னு பிரிச்சுக்கோங்க.

புதினா ரொம்ப சுலபம். நேதாஜி மார்க்கெட்ல வாங்கற கட்டுல தடியான தண்டா நாலு எடுத்து, கீழ்ப்பக்கத்து இலையை உருவிட்டு, தண்ணி ஊத்துன கண்ணாடி டம்ளர்ல நிக்க வைங்க. தண்ணியை ரெண்டு நாளைக்கு ஒருக்கா மாத்துங்க. ஒரு வாரத்துல கணு இருக்கற எடத்துல வெள்ளையா மீசை மாதிரி வேர் எட்டிப் பாக்கும், அது ரெண்டு விரக்கடை நீளம் வந்ததும் மண்ணுக்கு மாத்திடுங்க.

கொத்தமல்லிக்கு தனியாவை அப்படியே தூவாதீங்க. ஒரு தனியாக்குள்ள ரெண்டு விதை இருக்கு, பூரிக் கட்டையை மேல லேசா உருட்டினா பொளக்குனு ரெண்டா பிரியும், ராத்திரி ஊற வச்சு காலைல போடுங்க, முளைக்க எட்டுல இருந்து பன்னெண்டு நாள் ஆகும், பொறுமையா இருக்கணும். லைட்டுக்கு 20 வாட்ஸ் வெள்ளை எல்ஈடி ட்யூப் போதும், இலைக்கு மேல அரை அடில இருந்து ஒரு அடிக்குள்ள தொங்கணும், சீலிங்ல இருக்கற லைட்டு கணக்குல வராது. ஒரு நாளைக்கு 14 மணி நேரம் எரிஞ்சா 280 வாட்-அவர், மாசத்துக்கு எட்டரை யூனிட்கூட வராது.

கேள்வி: இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா விதை சொந்தக்காரங்க குடுத்தாங்க. ஹால்ல தொட்டில வைக்கலாமா? (வாசகர், தோட்டப்பாளையம்)

வேணாம் சார். 2023ல புவிசார் குறியீடு வாங்குன காய் அது, நம்ம ஊர் பெருமை, அதை ஹால்ல வச்சு வாட்டாதீங்க. கத்திரி, தக்காளி, மிளகா எல்லாம் காய்க்கணும்னா நேர் வெயில் ஆறு மணி நேரமாச்சும் வேணும். வீட்டுக்குள்ள இலையைக் கேக்கலாம், முளையைக் கேக்கலாம், காளானைக் கேக்கலாம், காயைக் கேட்டா செடிக்கும் கஷ்டம் நமக்கும் ஏமாத்தம். நானும் ஒரு மிளகாச் செடியை ஜன்னல்ல ஏழு மாசம் வச்சிருந்தேன், மூணடி வளந்துச்சு, பூ வந்து வந்து கொட்டிடுச்சு, ஒரு காய் பாக்கல. விதையை நல்லா காய வச்சு டப்பால மூடி வைங்க, இல்ல மண்ணு இருக்கற யாருக்காச்சும் குடுங்க.

கேள்வி: காட்பாடில ரூம் எடுத்து படிக்கறேன். ஒரு டேபிள், ஒரு ஸ்டடி லேம்ப், அவ்ளோதான். மெஸ் சாப்பாட்டுல பச்சையா ஒண்ணுமே இருக்காது. எதாச்சும் வழி இருக்கா? (மாணவர்)

இருக்கு தம்பி, வெந்தயம். மளிகைக் கடை வெந்தயமே போதும். விதைக் கடைல வாங்காத, அங்க சில விதைல பூஞ்சாணக் கொல்லி மருந்து தடவி ரோஸ் கலர், நீலக் கலர்ல இருக்கும், அது நட்டு வளக்கத்தான், இளங்கீரையா புடுங்கித் திங்க இல்ல.

பார்சல் வாங்குன பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவி, அடில ஆணியைச் சூடு பண்ணி நாலு ஓட்டை போடு. ஒரு இஞ்ச் உயரத்துக்கு நனைச்ச கோகோபீட் (தேங்கா நார்த் தூள்) பரப்பு. எட்டு மணி நேரம் ஊறுன வெந்தயத்தை ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம நெருக்கமா தூவி, ரெண்டு நாள் ஒரு தட்டால மூடி வை. மூணாம் நாள் தொறந்து பாரு, எல்லாம் சேந்து அந்தத் தட்டையே தூக்கிகினு நிக்கும், ஒவ்வொண்ணு தலைலயும் விதைத் தோலு தொப்பி மாதிரி ஒட்டிகினு இருக்கும், நிறம் மஞ்சளா இருக்கும். பயப்படாத, வெளிச்சத்துல வச்சா ஒரே நாள்ல பச்சையாயிடும். லேம்ப்பை கிட்டக்க கொண்டு வந்து வை. பத்து பன்னெண்டு நாள்ல கத்தரிக்கோலால வெட்டி தயிர் சாதத்துல போட்டுக்கோ.

பச்சைப்பயறு முளை கட்றதா இருந்தா வெயில் காலத்துல ஒரு நாளைக்கு மூணு தடவை அலசு. இந்த ஊரு சூட்டுல ஒரு வேளை விட்டாலே வழவழன்னு ஆகி புளிச்ச வாடை வரும். வாடை வந்துட்டா யோசிக்காத, கொட்டிடு.

கேள்வி: போர் தண்ணி ஒரே உப்பு. தொட்டி ஓரமெல்லாம் வெள்ளையா பூத்துடுது, இலை நுனி கருகுது. ஆர்.ஓ. மெஷின்ல வெளிய போற தண்ணியை ஊத்தலாமா? (வாசகி, ராணிப்பேட்டை)

ஊத்தவே ஊத்தாதீங்கம்மா, உங்க போர் தண்ணில இருக்கற உப்பெல்லாம் சேந்து வர்றது அதுலதான். பாலாத்தங்கரைத் தண்ணிக்கு தோல் தொழிற்சாலைக் கழிவால என்ன ஆச்சுன்னு நம்ம ஜில்லால எல்லாருக்கும் தெரியும், வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல 1996லயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன விஷயம் இது. தொழிற்சாலைப் பக்கத்துக் கிணறு, போர் தண்ணியா இருந்தா சாப்பிடற கீரைக்கு அதை வேணவே வேணாம். காவேரி குடிநீர் வர்ற அன்னிக்கு ரெண்டு குடம் தனியா எடுத்து வைங்க, வீட்டுக்குள்ள வைக்கற நாலு டப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு சொம்புதான் செலவாகும். கோடை மழை சாயங்காலத்துல அடிச்சா ஜன்னலுக்கு வெளிய பாத்திரம் வச்சுப் புடிங்க. வெள்ளை பூத்த தொட்டியை நல்ல தண்ணியால ரெண்டு மூணு தடவை வழிய வழிய ஊத்திக் கழுவணும், அடில ஓட்டை இருந்தாத்தான் உப்பு வெளிய போகும்.

கேள்வி: தறி ரூமுக்குப் பின்னாடி ஒரு இருட்டு ரூம் சும்மா கெடக்கு. காளான் போடலாம்னு வீட்டுக்காரர் சொல்றாரு. இந்த வெயில்ல வருமா? (வாசகி, குடியாத்தம்)

சிப்பிக் காளானுக்கு 30 டிகிரி தாண்டினா கஷ்டம், அதை கார்த்திகை மார்கழிக்கு வச்சுக்கோங்க. வெயில் காலத்துக்கு பால் காளான், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஏபிகே 2ன்னு ஒண்ணு இருக்கு, சூடு தாங்கும். வைக்கோலை ரெண்டு இஞ்ச் துண்டா வெட்டி, நாலஞ்சு மணி நேரம் ஊற வச்சு, முக்கால் மணி நேரம் வேக வச்சு, நிழல்ல உலத்தணும். இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க, நானும் முதல் தடவை அவசரப்பட்டு ஈரத்தோட கட்டி எட்டாம் நாள் பை முழுக்க பச்சைப் பூசணம் புடிச்சு தூக்கிப் போட்டேன். ஒரு புடி வைக்கோலை அழுத்திப் புழிஞ்சா சொட்டு விழக்கூடாது, ஆனா கைல ஈரம் ஒட்டணும், அந்தப் பதத்துல பைக்குள்ள வைக்கோல் ஒரு அடுக்கு, காளான் விதை ஒரு அடுக்குன்னு கட்டுங்க. காளானோட வெள்ளைப் பூசணம் பை முழுக்க ஓடுற வரைக்கும்தான் இருட்டு. அப்புறம் பையைக் குறுக்க வெட்டி, வேக வச்ச மண்ணை முக்கால் இஞ்ச் மேல போட்டு, கொஞ்சம் வெளிச்சமும் காத்தும் வர மாதிரி பண்ணணும், அதனால அந்த ரூம்ல ஒரு ஜன்னலாச்சும் தொறக்குமான்னு முதல்ல பாருங்க. தரையிலயும் செவுத்துலயும் தொங்கவிட்ட கோணிலயும் தண்ணி தெளிச்சு ஈரமா வச்சுக்கோங்க.

விரிஞ்சிபுரத்துல வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, உங்களுக்குப் பக்கம்தான், வீட்டுக்காரரோட நேர்ல போய் பயிற்சி எப்ப நடக்குது, விதை எங்க கிடைக்கும்னு கேட்டுட்டு ஆரம்பிங்க. ஒண்ணு மட்டும், அந்த ரூம்ல யாரும் படுக்காதீங்க, காளான் முத்துனா பொடி பறக்கும், ஏற்கெனவே பஞ்சுத் தூசில வேலை செய்யற நெஞ்சுக்கு அது இருமலைக் கிளப்பி விடும்.