வாங்கிய காரில் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா? கேள்வி பதில்

கோவையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை நடத்துபவன் நான். பழைய கார் வாங்கிச் சில நாட்களிலேயே மீட்டர் போர்டில் விளக்கு எரிவதாக உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கொடுத்த விலை சரியா, எந்த மாடல் வாங்கலாம், லோன் எங்கே கிடைக்கும் என்பவை என் வேலை அல்ல. ஒரு வேண்டுகோள் உண்டு. காரின் கணினியோடு இணைத்துப் பார்க்கும் ஸ்கேனரில் வரும் பிழைக் குறியீட்டை எழுதி, திரையைப் படமும் எடுத்துக்கொள்ளும் வரை அதை அழிக்க எவரையும் அனுமதிக்காதீர்கள்.

கேள்வி (திருப்பூர்): ஐயா, ஆட்டோ கன்சல்டிங் ஒன்றில் 2016 மாடல் பெட்ரோல் கார் வாங்கினேன். வீட்டுக்கு ஓட்டி வரும்போது அவிநாசியிலேயே செக் இன்ஜின் விளக்கு எரிந்துவிட்டது. ஸ்கேன் செய்த மெக்கானிக் பி0171 என்று வந்திருப்பதாகவும் ஆக்சிஜன் சென்சாரை மாற்ற வேண்டும் என்றும் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போது மாற்ற வேண்டாம். பி0171 என்றால் இன்ஜினுக்குப் போகும் கலவையில் காற்று அதிகமாகவோ பெட்ரோல் குறைவாகவோ இருக்கிறது என்று பொருள். அந்தச் செய்தியைக் கொண்டு வந்ததே, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் அந்த ஆக்சிஜன் சென்சார்தான். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? குறியீடு எந்தச் சுற்றில் கோளாறு என்பதைத்தான் சொல்லும். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று ஒருபோதும் சொல்லாது.

உங்கள் மெக்கானிக்கிடம் ஸ்கேனரில் நேரடி அளவீடுகளைத் திறந்து, லாங் டேர்ம் ஃப்யூயல் டிரிம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். கலவையைச் சரிக்கட்ட, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.எம். தன் கணக்குக்கு மேல் எத்தனை விழுக்காடு பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிறது என்பதே அந்த எண். ஐட்லிங்கில் அது அதிகமாக இருந்து, 2,500 ஆர்.பி.எம்.முக்கு ஏற்றியதும் குறைந்தால், எங்கோ வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. சுழற்சி கூடக் கூட அந்த எண்ணும் ஏறினால், பெட்ரோல் போதிய அழுத்தத்தில் வரவில்லை. ஃப்யூயல் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கு காற்றளவு சென்சார் உள்ள வண்டிகளுக்குத் துல்லியமாகப் பொருந்தும். நம் ஊர்ச் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் மேனிஃபோல்ட் அழுத்த சென்சார் மட்டுமே இருப்பதால், அவற்றில் காற்றுக் கசிவு முதலில் ஐட்லிங் உயர்வாகவோ நிலையில்லாத ஐட்லிங்காகவோதான் தெரியும்.

பணம் செலவழிக்கும் முன் கையால் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து, இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்குச் செல்லும் மடிப்பு மடிப்பான ரப்பர் ஹோஸைக் கழற்றி வெளிச்சத்தில் வளைத்துப் பாருங்கள். அதன் வெடிப்பு மடிப்பின் அடியில்தான் விழும். மாட்டிய நிலையில் மேலிருந்து பார்த்தால் ஹோஸ் புதிதுபோலவே தோன்றும். வளைத்தவுடன் மயிரிழைபோன்ற கோடு வாய் திறக்கும். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை மீண்டும் எரிக்கக் கொண்டு செல்லும் பி.சி.வி. ஹோஸும் அப்படியே. சைலென்சர் மேனிஃபோல்டில், சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தாலும் இதே குறியீடு வரும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இன்னொரு காரணமும் இப்போது சேர்ந்திருக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆக்சிஜன் ஏற்கெனவே இருப்பதால், அதே அளவு காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் தேவைப்படுகிறது. கலப்பற்ற பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால், இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 பங்குதான். 10 விழுக்காடு எத்தனாலுக்காக அமைக்கப்பட்ட உங்கள் வண்டியின் டிரிம் இதனால் மட்டுமே சில விழுக்காடு ஏறியிருக்கும். அது தனியாக விளக்கை எரிய வைக்காது. ஆனால் முன்பு ஈ.சி.எம். சமாளித்துக்கொண்ட சிறிய கசிவு இப்போது வரம்பைத் தாண்டிவிடலாம். எனவே எத்தனாலைத் திட்டிவிட்டுக் கசிவைத் தேடாமல் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி (ஈரோடு): ஓட்டிப் பார்த்தபோது எந்த விளக்கும் எரியவில்லை. நான்காம் நாள் எரிந்தது. விற்றவர் அழித்துவிட்டுத்தான் கொடுத்தாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பெரும்பாலும் தெரிந்துகொள்ளலாம். குறியீட்டை ஸ்கேனரால் அழித்தாலும் பேட்டரியைக் கழற்றி அழித்தாலும், ஈ.சி.எம். தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ரெடினெஸ் சோதனைகள் அனைத்தும் முடியாத நிலைக்குத் திரும்பிவிடும். அவை மீண்டும் முடிவதற்குக் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்வது, நகரத்துக்குள் ஓட்டுவது, நெடுஞ்சாலையில் சீராக ஓட்டுவது எல்லாம் கலந்து சில நாட்கள் ஆகும். 80,000 கி.மீ. ஓடிய வண்டியில் சோதனைகள் முடியாமல் நின்றால், அண்மையில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். குறியீடுகளை அழித்த பின் ஓடிய தூரம் என்ற அளவீடும் பல வண்டிகளில் கிடைக்கும். அது 30 கி.மீ. என்று காட்டினால் கேட்க வேண்டிய கேள்வியை நீங்களே அறிவீர்கள்.

வாங்கும் முன் ஸ்கேனர் இல்லாமலே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் இருக்கிறது. சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் மீட்டர் போர்டைப் பாருங்கள். செக் இன்ஜின், ஆயில், பேட்டரி, ஏ.பி.எஸ்., ஏர்பேக் விளக்குகள் எரிய வேண்டும். ஏர்பேக் விளக்கு சில நொடிகளில் தானாக அணைய வேண்டும். செக் இன்ஜின் விளக்கு இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். எரியவே எரியாத விளக்கு, எரிந்துகொண்டே இருக்கும் விளக்கைவிட மோசமானது; கோளாறு தெரியாதபடி அதைத் துண்டித்திருக்கலாம். ஏர்பேக் விளக்கும் வேறொரு விளக்கும் எப்போதும் ஒரே கணத்தில் எரிந்து ஒரே கணத்தில் அணைந்தால், ஏர்பேக் கோளாறை மறைக்க இரண்டையும் ஒயர் போட்டு இணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

கேள்வி (கோபி): ஐட்லிங்கில் சிவப்பு ஆயில் விளக்கு மினுக்குகிறது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் அணைகிறது. கோவை வரை ஓட்டி வரலாமா?

பதில்: வராதீர்கள். இன்ஜினை நிறுத்தி டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்; ஆயில் சரியாக இருந்தாலும் உள்ளூரிலேயே மெக்கானிக்கை வரவழைத்து, அழுத்தமானி மாட்டி ஆயில் பிரஷரை அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (சூலூர்): செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: குறியீடு என்ன?

கேள்வி (பொள்ளாச்சி): தோட்டத்துச் சாளையில்தான் காரை நிறுத்துகிறேன். வாங்கிய இரண்டாம் வாரம் செக் இன்ஜின், ஏ.பி.எஸ். விளக்குகள் ஒன்றாக எரிந்தன. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: அவர்மேல் பழி போடும் முன் பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியைக் கழற்றுங்கள். தேங்காய் நாரும் கடித்துப் போட்ட பாக்குத் தோலும் கிடந்தால் குற்றவாளி எலிதான். தோப்புக்குள் நிற்கும் வண்டிகளில் எங்களுக்கு அதிகமாக வருவது இந்த வேலையே. ஆக்சிஜன் சென்சாரின் ஒயரையும், சக்கரத்துக்குச் செல்லும் ஏ.பி.எஸ். சென்சாரின் ஒயரையும் கடித்திருக்கும். கடித்த இடத்தில் முறுக்கி டேப் சுற்றுவதோடு நிறுத்தாமல், சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் டேப்புக்குள் தண்ணீர் இறங்கினால் அதே விளக்கு மறுபடியும் வரும். மஞ்சள் நிற கனெக்டரில் செல்லும் ஒயர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றை டெஸ்ட் லேம்ப் வைத்துத் தொட எவரையும் விடாதீர்கள், ஏர்பேக் வெடித்துவிடலாம்.

கேள்வி (கோவை): சரவணம்பட்டியிலிருந்து காந்திபுரம் வரைதான் தினமும் ஓட்டுகிறேன். 2021 மாடல் பி.எஸ். 6 டீசல் கார். டி.பி.எஃப். விளக்கு எரிகிறது. முந்தைய உரிமையாளர் இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை அண்ணா.

பதில்: அம்மிணி, இது கோளாறு என்பதைவிட, அந்த வண்டிக்கும் உங்கள் ஓட்டத்துக்கும் பொருந்தவில்லை என்பதே உண்மை. சைலென்சரில் இருக்கும் டி.பி.எஃப். என்ற அந்த வடிகட்டி, புகைக்கரியைப் பிடித்து வைத்துச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எரித்துச் சாம்பலாக்க வேண்டும். காந்திபுரம் நெரிசலில் அந்த வெப்பம் வராது. டி.பி.எஃப். விளக்கு மட்டும் எரிந்தால், நீலாம்பூரில் ஏறிச் செங்கப்பள்ளி வரை நெடுஞ்சாலையில் 60 கி.மீ. வேகத்துக்குக் குறையாமல், 2,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் இருக்கும்படி கியரை வைத்துக்கொண்டு நிற்காமல் ஓட்டுங்கள். பெரும்பாலும் 20 நிமிடங்களுக்குள் விளக்கு அணையும். செக் இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தால் இதை முயலாமல் ஸ்கேனுக்குக் கொண்டு செல்லுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கரியை எரிக்கத் தெளிக்கப்படும் டீசல், எரிப்பு பாதியில் நின்றுபோகும்போதெல்லாம் ஆயிலோடு கலந்துவிடும்.

கேள்வி (நாமக்கல்): அண்ணா, இத்தனை பாடு எதற்கு? டி.பி.எஃப்.பை வெட்டி எடுத்து, புகையில் ஒரு பகுதியைத் திருப்பி இன்ஜினுக்குள் விடும் ஈ.ஜி.ஆருக்குத் தகடு வைத்து அடைத்து, ஈ.சி.எம்.மில் சாஃப்ட்வேரை மாற்றிவிட்டால் விளக்கே வராது. எங்கள் பக்கம் பலர் செய்திருக்கிறார்கள். வண்டி இழுவையும் நன்றாக இருக்கிறது.

பதில்: விளக்கு வராது என்பது உண்மை. அதுதான் என் கவலையும். அடைத்த ஈ.ஜி.ஆர்., பி0401 என்ற குறியீட்டைக் கொண்டு வரும் என்பதால் அந்தக் குறியீட்டைச் சாஃப்ட்வேரில் ஊமையாக்குகிறார்கள். அரைகுறையாகச் செய்பவர் அதோடு எவற்றையெல்லாம் ஊமையாக்கினார் என்பது அவருக்கே தெரியாது.

நாமக்கல் உறுப்பினர்: ஈ.ஜி.ஆரால் இன்டேக் மேனிஃபோல்ட் முழுவதும் கரி அடைகிறதே, அதை நீங்கள் பார்த்ததில்லையா? புகைப் பரிசோதனையிலும் என் வண்டி தேறிவிட்டது.

பதில்: கரி அடைவது உண்மை, கழற்றிச் சுத்தம் செய்வதே அதற்கு வழி. புகைப் பரிசோதனையைச் சான்றாகக் காட்டாதீர்கள். டீசல் வண்டிக்கு அங்கே அளப்பது புகையின் அடர்த்தியை மட்டுமே, ஈ.ஜி.ஆர். எதற்காக இருக்கிறதோ அந்த நைட்ரஜன் ஆக்சைடுகளை அந்தக் கருவி அளப்பதே இல்லை. டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் வரை வெளிவிடலாம் என்றிருந்த பி.எஸ். 4 வரம்பு, பி.எஸ். 6-இல் 80 ஆகக் குறைக்கப்பட்டது. நீங்கள் தகடு வைத்து அடைப்பது அந்தக் குறைப்பைத்தான்.

சங்ககிரி உறுப்பினர்: என் சொந்த வண்டி, என் சொந்த இன்ஜின். இதில் மற்றவருக்கு என்ன நட்டம்?

பதில்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவையும் 190(2)-ஆம் பிரிவையும் படித்துப் பாருங்கள்; இரண்டாவதில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அது ஒருபுறம் இருக்கட்டும். இங்கே கேள்வி கேட்பவர்கள் எல்லோரும் பழைய வண்டி வாங்கியவர்கள். நீங்கள் மூன்று ஆண்டுகள் ஓட்டிவிட்டு விற்கும் அந்த வண்டியை வாங்கப்போகிறவருக்கு, ஊமையாக்கிய கோளாறு எது வந்தாலும் விளக்கு எரியாது. நட்டம் அவருக்கு.

பெருந்துறை உறுப்பினர்: அப்படி வெட்டி எடுத்த வண்டியை வாங்கும்போதே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: நல்ல கேள்வி, சண்டைக்கு நடுவில் பயனுள்ளது இதுதான். சைலென்சர் முனையின் உட்புறத்தில் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். டி.பி.எஃப். ஒழுங்காக வேலை செய்யும் டீசல் வண்டியில் விரலில் கரி ஒட்டாது. மைபோல் ஒட்டினால் வடிகட்டி உள்ளே இல்லை, அல்லது உடைந்திருக்கிறது. வண்டியை லிஃப்டில் ஏற்றி வடிகட்டியின் உடலில் வெட்டி மறுபடியும் வெல்டிங் வைத்த தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஈ.ஜி.ஆர். குழாய் சேரும் இடத்தில் கேஸ்கட்டுக்குப் பக்கத்தில் மெல்லிய இரும்புத் தகட்டின் விளிம்பு டார்ச் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். நாமக்கல், சங்ககிரி நண்பர்களுக்கு இதற்குமேல் பதில் இல்லை; அடுத்த கேள்விகள் காத்திருக்கின்றன.

கேள்வி (மேட்டுப்பாளையம்): பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டால் விளக்கு அணைந்துவிடும் என்கிறார்களே?

பதில்: அணையும், கோளாறு இருக்கும், சான்று போய்விடும். ஈரோடு நண்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (ஆனைமலை): வால்பாறை மலையிறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்து அணைகிறது. ஹேண்ட் பிரேக் முழுவதும் விடுவித்துத்தான் இருக்கிறது.

பதில்: பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருக்கிறது, வளைவில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கும்போது மிதவை இறங்கி விளக்கை எரிய வைக்கிறது. ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள். பிரேக் பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வருவதால் டப்பாவில் அளவு இறங்கும். எனவே முதலில் நான்கு சக்கரங்களிலும் பேடையும் லைனரையும் கசிவையும் பாருங்கள். முந்தைய உரிமையாளர் பிரேக் ஆயிலை எப்போது மாற்றினார் என்று தெரியாவிட்டால் முழுவதும் மாற்றிவிடுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில், 40 வளைவுகள் இறங்கும் சூட்டில் கொதித்துவிட்டால் பெடல் அப்படியே கீழே போய்விடும். அது வரை மலைக்குப் போகாதீர்கள்.

கேள்வி (கரூர்): விற்றவரிடம் வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாமா?

பதில்: அது வக்கீலைக் கேட்க வேண்டியது. வியாபாரியிடம் வாங்கியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் பாருங்கள். எதைச் செய்தாலும், பழுது பார்க்கும் முன் தேதியோடும் ஓடிய கிலோமீட்டரோடும் ஸ்கேன் அறிக்கையை அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (காங்கயம்): விலை குறைந்த ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கினால் போதுமா?

பதில்: இன்ஜின் குறியீடுகளுக்குப் போதும். ஏ.பி.எஸ்., ஏர்பேக் குறியீடுகளைப் பெரும்பாலும் படிக்காது. வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்தால் நிற்கும் வண்டியின் பேட்டரி இறங்கும்.

கேள்வி (பல்லடம்): செக் இன்ஜின் விளக்கு எரிகிறது, என்ன செய்வது?

பதில்: சூலூர் நண்பரிடம் கேட்டதையே உங்களிடமும் கேட்கிறேன்.

கேள்வி (தாராபுரம்): குறியீட்டோடு வந்திருக்கிறேன் ஐயா: பி0302. மேடு ஏறும்போது வண்டி உதறுகிறது, விளக்கும் விட்டு விட்டு எரிகிறது.

பதில்: நன்றி. இரண்டாவது சிலிண்டரில் எரிப்பு தவறுகிறது. செக் இன்ஜின் விளக்கு மினுக்குவது, எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்பதன் அறிகுறி. அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரைக் குறைத்து, அருகில் இருக்கும் பட்டறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் விலையில் முடிவது கன்வெர்ட்டர் விலைக்குப் போய்விடும். உங்கள் வண்டியில் சிலிண்டருக்கு ஒரு காயில் இருந்தால், குறியீட்டை எழுதிக்கொண்டு, இரண்டாவது காயிலை மூன்றாவதிலும் மூன்றாவதை இரண்டாவதிலும் மாற்றி மாட்டி ஓட்டச் சொல்லுங்கள். குறியீடு பி0303 ஆக மாறினால் காயில்தான். மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக்கை அதேபோல் இடம் மாற்றிப் பாருங்கள்; அதன் பிறகும் இரண்டிலேயே நின்றால் இன்ஜெக்டர், அதற்கும் பிறகு கம்ப்ரெஷன் சோதனை. அந்த முடிவுகளோடு எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.