தனுஷ்கோடிக்கு ரயில் ஏன் திரும்பவில்லை?

கேள்வி: தனுஷ்கோடியில் இடிந்த ரயில் நிலையத்தைப் பார்த்தோம். மீனவக் கிராமத்துக்கு எதற்கு ரயில்? 1964 புயலில் உடைந்த பாம்பன் பாலத்தைச் சரிசெய்தவர்கள், இதை மட்டும் ஏன் விட்டுவிட்டார்கள்?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: ரயில் வந்தது ஊருக்காக அல்ல, கப்பலுக்காக. அதற்கு முன் கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடியில்தான் கப்பலேற வேண்டும். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் அந்தப் போக்குவரத்து தனுஷ்கோடிக்கு மாறியது. அங்கிருந்து இலங்கைக் கரையிலுள்ள தலைமன்னார் சுமார் 35 கிலோமீட்டர்தான். எழும்பூரிலேயே கொழும்பு வரைக்கும் ஒரே டிக்கெட் வாங்கிவிடலாம். போட் மெயில் என்ற ரயிலில் வந்து துறைமேடையில் இறங்கி நீராவிக் கப்பலில் ஏறினால், அக்கரையில் இலங்கை ரயில் நிற்கும். மூட்டை முடிச்சோடு வருகிறவர்களுக்காகவே சுங்கச் சாவடி, தபால் நிலையம் எல்லாம் ஊரில் இருந்தன.

இன்றைய பயணிகளுக்கு வியப்பாக இருக்கும்: அன்று பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போனதுதான் பிரதான பாதை, ராமேஸ்வரம் வெறும் கிளை.

1964 டிசம்பர் 22 நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர், நிலையத்தை நெருங்கும்போது சிக்னல் விழாமல் நின்றது. ஓட்டுநர் ஊதல் கொடுத்துப் பார்த்துவிட்டு மெல்ல நகர்த்தினார். எழுந்து வந்த அலை ரயிலை மூழ்கடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கணக்கு ஏட்டுக்கு ஏடு மாறும். டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களை யார் எண்ணுவது?

பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் சீராக்கினார். கடலில் விழுந்த கர்டர்கள் (பாலத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்கள்) பலவற்றைத் தூக்கியெடுத்து மறுபடி பொருத்தினார்கள். பாலம் இல்லாவிட்டால் ராமேஸ்வரத்துக்கே வழியில்லை என்பதால் அந்த அவசரம். தனுஷ்கோடியையோ மனிதர் வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்துவிட்டது. கப்பலும் ராமேஸ்வரத்திலிருந்து புறப்படத் தொடங்கியது. கப்பல் போனபின் மணல்திட்டில் தண்டவாளம் போட்டு யாரை ஏற்றுவது? தவிர, இருபுறமும் கடல். மணல் ஓரிடத்தில் நிற்காது.

2019 மார்ச்சில் ராமேஸ்வரம் - தனுஷ்கோடி 17.2 கிலோமீட்டர் புதிய பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை அதற்கு முன்பே, 2017இல் வந்துவிட்டது. ரயில்தான் வந்தபாடில்லை.

போகிறவர்கள் காலையிலேயே கிளம்புங்கள். மாலையானால் வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள். படங்களில் அதிகம் வருவது தேவாலயத்தின் இடிபாடு. அதையே ரயில் நிலையம் என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள்.