மலை ஏரிக்குத் துடுப்போடு போகிறவர்கள் கேட்டவை

கோடை நெருங்கினால் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் கிளம்பும் நம் சென்னைக்காரர்கள் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு பற்றி என்னிடம் விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். பத்து வருடமாகத் துடுப்புப் போடுகிறவள் என்ற முறையில், இந்த வாரம் வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

வேளச்சேரியிலிருந்து: அக்கா, கடலிலேயே நீந்துபவன் நான். கொடைக்கானல் ஏரியில் அலைகூட இல்லை. அங்கே என்ன பயம்?

குளிர்தான் தம்பி. அந்த ஏரி கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. 1863-ல் கரை கட்டித் தேக்கியது. நம் கடல் தண்ணீரின் வெதுவெதுப்பை அங்கே எதிர்பார்க்காதீர்கள். குளிர்ந்த தண்ணீர் உடல் சூட்டைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். விழுந்த நொடியில் உங்களை அறியாமல் மூச்சு உள்ளே இழுக்கும். அப்போது முகம் தண்ணீருக்குள் இருந்தால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை.

ஒரு ஜனவரி காலையில் நான் ஒரு மலை ஏரியில் கவிழ்ந்தேன். போட்டிருந்தது ஜீன்ஸ். சில நிமிடங்களில் விரல்கள் மரத்து, படகின் விளிம்பைப் பிடிக்க முடியவில்லை. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால்தான் இதை எழுதுகிறேன். அன்றோடு ஜீன்ஸும் பருத்தியும் விட்டேன். சீக்கிரம் உலரும் செயற்கை இழைத் துணி, அதன் மேல் கம்பளி. நனையாத பையில் ஒரு மாற்றுடை.

இன்னொன்று, மலையில் காலையில் கண்ணாடி போல் இருக்கும் ஏரி பிற்பகலில் காற்று வாங்கும். முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும்.

தாம்பரம்: நீச்சல் தெரியாது. போகலாமா மேடம்?

வழிகாட்டியோடு, கரையோரமாக, லைஃப் ஜாக்கெட்டோடு போகலாம். எல்லா வாரையும் இறுக்கிய பிறகு யாரையாவது ஜாக்கெட்டின் தோள் வாரைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. திரும்பி வந்ததும் நீச்சல் வகுப்பில் சேருங்கள், தயவுசெய்து.

அம்பத்தூர்: அரை மணி நேரத்தில் தோள் கழன்றுவிடுகிறது.

கையால் மட்டும் துடுப்பை இழுக்கிறீர்கள். துடுப்பைப் பாதத்தருகே தண்ணீரில் இறக்கி, இடுப்புக்கு மேல் உடம்பைத் திருப்பி இழுங்கள். இடுப்புப் பக்கம் வந்ததும் எடுத்துவிடுங்கள். பிடியை இறுக்க வேண்டாம்.

மயிலாப்பூர்: ஒகேனக்கல் பரிசலில் போயிருக்கிறேன். அது ஆற்றுக் கயாக்குக்கு உதவுமா?

பரிசல்காரரைக் கவனித்திருந்தால் நிறையவே உதவும். மூங்கில் பின்னிய அந்த வட்டத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒற்றைத் துடுப்பால் அதை நேராகக் கொண்டுபோகிறவர் ஆற்றைப் படிக்கத் தெரிந்தவர். அந்தப் படிப்பைத்தான் நாமும் கற்க வேண்டும். ஆற்றின் மேல்பக்கமிருந்து பார்க்கையில், தண்ணீரில் கூர்முனை நீரோட்டத் திசையைக் காட்டும் ‘வி’ (V) வடிவம் தெரிந்தால் அது வழி. கூர்முனை உங்களை நோக்கி இருந்தால் அங்கே பாறை.

கர்நாடக அணைகளிலிருந்து நீர்வரத்து கூடும்போது ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்திவிடுவார்கள். வந்தது வந்துவிட்டோம் என்று அங்கே யாரிடமும் கெஞ்சாதீர்கள். வானம் வெளுத்திருந்தாலும் மேலே திறந்த தண்ணீர் கீழே வந்தே தீரும்.

ஆற்றில் விழுந்தால் எழுந்து நிற்கக் கூடாது. பாறை இடுக்கில் பாதம் சிக்கினால், இடுப்பளவு நீரே ஆளை அழுத்திவிடும். மல்லாந்து, கால்களை நீரோட்டம் போகும் பக்கம் நீட்டி, பாத நுனி மேலே தெரிய மிதந்து, கரையை நோக்கிக் கைகளால் தள்ளிப் போங்கள்.

அதே வாசகர்: சின்னத் தடுப்பணைகளில் இறங்கலாமா? ஆளுயரம்கூட இல்லையே.

கூடவே கூடாது. எனக்கு அருவியைவிடத் தடுப்பணைதான் பயம். விழும் தண்ணீர் அடியில் சுழன்று திரும்பவும் சுவரை நோக்கியே வரும். விழுந்த ஆளையும் படகையும் வெளியே விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். கரை முதல் கரை வரை ஒரே சுவர் என்பதால் ஓரமாகத் தப்பவும் வழியில்லை. இறங்கி, படகைச் சுமந்து, சுற்றி நடந்து போங்கள். நம் ஆறுகளில் தடுப்பணைகள் ஏராளம். இதை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

அண்ணா நகர்: காற்றடைக்கும் கயாக் வாங்கி ஃபிளாட்டில் வைக்கலாமா?

தாராளமாக. மடிப்பதற்கு முன் நன்றாக உலர்த்துங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஆனால் அணை நீர்த்தேக்கத்திலோ காட்டுக்குள்ளோ முன் அனுமதி இல்லாமல் இறக்காதீர்கள். அமராவதி, மோயாறு, காவிரி, மூன்றிலும் முதலைகள் உண்டு.

பெரம்பூர், கல்லூரி மாணவி: மலைக்குப் போகும் முன் எங்கே பழகுவது அக்கா?

முட்டுக்காடு, கோவளம் கழிமுகத்தில், சொல்லிக்கொடுப்பவர் ஒருவரோடு. முதல் நாளே வேண்டுமென்று கவிழுங்கள். கவிழ்ந்த படகை நிமிர்த்தி, வயிற்றால் மேலே ஊர்ந்து ஏறுவதைப் பத்து முறையாவது செய்யுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கை பழகினால்தான் குளிரில் அது தானாக நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் முகத்துவாரப் பக்கம் போகாதே அம்மா. மழைத் தண்ணீர் கடலுக்கு இழுக்கும்.