கண்ணீர் வராத மகன்

ஐயா, வணக்கம். அப்பா போய் நாற்பது நாள் ஆகிறது. அக்கா இன்னும் படத்தைப் பார்த்தாலே அழுகிறாள். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. ஆண்களின் மூளையில் உணர்ச்சிக்கு இடம் குறைவு என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். என் மனைவியும் அதையே சொல்கிறாள். உண்மையா?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

உண்மையில்லை. மூளையில் உணர்ச்சி என்றதும் எல்லாரும் சொல்வது அமிக்டலாவை. வாதுமைப் பருப்பு அளவில், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. அளவுதான் கணக்கென்றால் சராசரியாக ஆண்களுக்கு அது சற்றுப் பெரியது! மொத்த மூளையின் அளவோடு சேர்த்துப் பார்த்தால் அந்த வித்தியாசமும் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது.

2001-இல் கலிஃபோர்னியாவில் லாரி காஹில் குழுவினர், மனதை உலுக்கும் படத்துண்டுகளைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். அவை நினைவில் பதிவதில் ஆண்களுக்கு வலப்பக்க அமிக்டலாவும் பெண்களுக்கு இடப்பக்கமும் அதிகம் ஈடுபட்டன. சரி, வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அது நினைவு பதியும் விதத்தில். யாருக்குத் துக்கம் அதிகம் என்று அந்த ஆய்வு அளக்கவே இல்லை.

உங்கள் கேள்விக்கு நெருக்கமானது 1998-இல் ஆன் கிரிங்கும் ஆல்பர்ட் கார்டனும் செய்தது. கல்லூரி மாணவர்களுக்குப் படக்காட்சிகளைப் போட்டுக்காட்டி முகங்களைக் கவனித்தார்கள். பெண்களின் முகத்தில் உணர்ச்சி கூடுதலாகத் தெரிந்தது. உள்ளே எப்படி இருந்தது என்று கேட்டால், இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் சொன்னார்கள்.

எங்கள் பாட்டி இறந்த அன்று சித்தப்பா அழவில்லை. பந்தல், ஐஸ் பெட்டி, வந்தவர்களுக்குக் காபி என்று ஓடிக்கொண்டே இருந்தார். ராத்திரி கொல்லையில் சத்தம் கேட்டுப் போனேன். கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். கை நடுங்கி, டம்ளர் தொட்டி விளிம்பில் இடித்துக்கொண்டே இருந்தது. சின்ன வயதிலிருந்து 'ஆம்பளைப் புள்ள அழலாமா' என்று கேட்டு வளர்ந்தவர். அந்தக் கைக்குத் துக்கம் தெரியாது என்று யார் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன்.

அக்காவோடு உட்கார்ந்து அப்பாவைப் பற்றிப் பேசுங்கள். அவர் பயன்படுத்திய பொருள்களை எடுத்து வைக்கும் வேலையை இருவரும் சேர்ந்து செய்யுங்கள். தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தால் டாக்டரைப் பாருங்கள். கண்ணீர் வரவில்லை என்பதற்காக மட்டும் போக வேண்டாம்.